துறையடிக் கக்கூசும் பெயர் வெட்டிய கல்லும்

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பிறகு நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். விரதமும் இல்லை, நேர்த்தியும் இல்லை. மூன்று மணிப் போட்டைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீடு ஊர்காவற்றுறையில். வேலை கடலுக்கு அப்பால் ஒரு தீவில், பிரதேச சபைக் கந்தோரில். எந்தத் தீவு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கள் சபைக்குத் தலைமை வகிக்கிற தவிசாளர் யாரென்று நீங்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் கண்டுபிடித்துவிடுவீர்கள், அவர் இதில் சில இடங்களில் அவ்வளவு அழகாக வரமாட்டார். காலையில் பஸ், பிறகு குறிகாட்டுவானில் போட், அதிலிருந்து ஒரு மணித்தியாலம் கடல். பின்னேரம் அதையே திருப்பிச் செய்ய வேண்டும். காற்று எழும்பினால் மூன்று மணிப் போட் நாலரைக்கு வரும். அதுவரை தீவின் இறங்குதுறையில் நிற்க வேண்டும். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது, ஒரு வேப்பமரம் இருக்கிறது, இடிந்த முருகைக்கல் மதில் ஒன்று இருக்கிறது. ஆண்களுக்கு அந்த மதிலின் மறுபக்கம் இருக்கிறது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை.

நான் மட்டுமல்ல, ரீச்சர்மார், கிளினிக்குக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகள், யாழ்ப்பாணத்துக்கு நண்டு கொண்டு போகிற அக்காமார், ஒருவரும் குடிப்பதில்லை. இதைப் பற்றி நாங்கள் ஒருவரோடொருவர் பேசியதும் கிடையாது. தேத்தண்ணிக் கடைக்காரர், தன் தேத்தண்ணி பெண்களுக்குப் பிடிக்கவில்லை என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். என் கணவர் இன்னும் ஒருபடி மேலே போய், பின்னேரத்தில் எனக்குத் தேத்தண்ணி ஒத்துக்கொள்ளாது என்று தன் தாய்க்குச் சொல்லி வைத்திருந்தார். கலியாணம் முடித்து ஒன்பது வருடம்.

சிறுநீர்த் தொற்று மூன்றாம் தடவை வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரு லேடி டொக்டரிடம் போனேன்.

"நாளுக்கு மூண்டு லீற்றர் தண்ணி குடியும்" என்றார்.

"டொக்டர், நான் போட்டில போய் வாறனான்."

"அதுக்கு?"

"துறையடியில கக்கூஸ் இல்லை."

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப முதல்ல கக்கூசைக் கட்டும். பிறகு என்னட்டை வாரும்" என்றார். கோபத்தில் சொன்னாரா பகிடிக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அதை மருந்துச் சீட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கட்டுவதற்கு ஒரு வழி என் மேசையிலேயே இருந்தது. எங்கள் சபை அப்போதுதான் ஒரு உபவிதியை நிறைவேற்றியிருந்தது. கட்டட விண்ணப்பங்கள் என் பிரிவு என்பதால் அதன் வரைவை எழுதியவளும் நான்தான். 'அபிவிருத்திப் பங்களிப்புக் கட்டணம்' என்று அதற்குப் பெயர். பெயர்தான் நீளம், விஷயம் சின்னது. ஒருவர் விடுதியோ கடைத்தொகுதியோ பெரிதாகக் கட்ட வந்தால், அந்தக் கட்டடத்தால் ஊருக்கு ஏறுகிற சுமையில் ஒரு பங்கை அவர் ஏற்க வேண்டும். அறை கட்டினால் ஆள் வரும். ஆள் வந்தால் துறை நிரம்பும், வீதியும் ஒழுங்கையும் தேயும், குப்பை சேரும், தண்ணீர் குறையும். இதையெல்லாம் ஊரவர் தலையில் கட்டிவிட்டு அறை வாடகையை மட்டும் அவர் எடுத்துக்கொண்டு போவது என்ன நியாயம்? உறுப்பினர்களுக்கு இதை விளக்கியபோது நான் வாளிக் கயிற்றைத்தான் உதாரணம் காட்டினேன். கலியாண வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஊருக்கே தண்ணீர் அள்ளினால், தேய்ந்துபோன கயிற்றுக்குப் புதுக் கயிறு வாங்கிக் கட்ட வேண்டியவர் அவர்தானே. அதைக் கேட்ட பிறகுதான் எல்லோரும் கை உயர்த்தினார்கள்.

அந்த விதியில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. அறவிடும் காசு தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அந்தக் கட்டடத்தால் எந்தப் பொதுத் தேவை கூடுகிறதோ அதற்கு மட்டுமே செலவாக வேண்டும். இது முதலாவது. இது கட்டணம், கட்டியவருக்கு ரசீது கொடுக்கப்படும், வேறெதுவும் கொடுக்கப்படாது. இது இரண்டாவது. இரண்டாவதை எழுதியபோது, தேவையில்லாத வசனம் என்று நினைத்துப் பாதியில் வெட்டவும் பார்த்தேன். வெட்டாமல் விட்டதற்கு என் கைக்கு நானே முத்தம் கொடுக்க வேண்டும்.

விதி வந்து கொஞ்ச நாளில் முதல் விண்ணப்பமும் வந்தது. இந்தத் தீவில் பிறந்து, முப்பது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவர், தாய்வழி வந்த கரையோரக் காணியில் பன்னிரண்டு அறைகளோடு ஒரு விடுதி கட்டப் போகிறார். வரைபடத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு அறையிலும் பன்னிரண்டு குளியலறை. அங்கே வருகிற அத்தனை பேரும் எங்கள் துறையில்தான் இறங்குவார்கள், எங்கள் துறையில்தான் போட்டுக்குக் காத்திருப்பார்கள். துறையடியில் கூடுகிற பொதுத் தேவை என்ன? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டணத்தைக் கணித்துப் பார்த்தேன். பெண்களுக்கு இரண்டு அறை, கை கழுவ ஒரு தொட்டி, கூரையில் ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒழுங்கான குழி, எல்லாவற்றுக்கும் அளவாக வந்தது. அன்று பின்னேரம் போட்டில் வரும்போது அலை அடித்துச் சேலை நனைந்ததுகூடத் தெரியாமல், குறிப்புப் புத்தகத்தில் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கீறிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் அதில் ஒரு கண்ணாடி சேர்ந்தது. அதற்கடுத்த நாள் கைப்பை கொழுவ ஒரு கொக்கி. ஒரு கக்கூஸை நினைத்து இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண் இந்தக் கடலில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

கட்டணக் கடிதம் அனுப்பி ஒரு கிழமைக்குள் ஆளே நேரில் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் வெற்றிலைத் தட்டம், தட்டத்தில் வாழைப்பழமும் கற்கண்டும். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் சாக்குச் சுற்றிய பாரமான சாமான் ஒன்றைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கும் பின்னால் கமராவோடு ஒருவர். கந்தோரில் யாருக்கோ சம்பந்தம் பேச வந்திருக்கிறார்கள் என்று எங்கள் பியோன் எல்லோரும் இருக்க நீள வாங்கைத் துடைத்துப் போட்டார்.

"தங்கச்சி, கல்லை எங்கை வைக்கிறது?" என்று கேட்டார் வந்தவர்.

"என்ன கல்லு அண்ணை?"

சாக்கை அவிழ்த்தார்கள். மெருகு போட்ட கருங்கல். அதில் ஒரு அம்மாவின் முகம், பொன்னெழுத்தில் அவர் பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி, கீழே 'ஞாபகார்த்த உபயம்'. யாழ்ப்பாணத்தில் வெட்டுவித்து, வான் வண்டியிலும் போட்டிலும் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். நான் எழுதிய கட்டணக் கடிதத்தை மனுஷன் நன்கொடைக்கான அழைப்பாக வாசித்திருக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? ஊர்ப் பொதுக் காரியத்துக்குக் காசு என்று கடிதம் போனால், எங்கள் தீவுகளில் பிறந்த எவருக்கும் அது உபயம்தான். உபயம் என்றால் கல், கல் என்றால் பெயர்.

"அண்ணை, இது உபயமில்லை, கட்டணம். கட்டினா ரசீது தருவம். கல்லு வைக்கேலாது."

"கல்லு இல்லாமலோ?"

"ஓம்."

"அப்ப பேர்?"

"ரசீதில இருக்கும்."

கமராக்காரர் கமராவைக் கீழே இறக்கினார். வந்தவர் தட்டத்தை என் மேசையில் வைத்துவிட்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கட்டணமெண்டா நான் ஒரு சதமும் கட்டமாட்டன், தங்கச்சி. அது வரி. வரி கட்டத்தானே அங்கை முப்பது வருசம் இருந்தனான். உபயமெண்டு ஒரு வார்த்தை சொல்லும், இப்பவே இரட்டிப்பாத் தாறன்."

'இரட்டிப்பு' என்ற சொல்லுக்குத் தவிசாளரின் அறைக் கதவு தானாகத் திறந்தது. "வாங்கோ வாங்கோ, உள்ள வாங்கோ" என்று வந்தவரைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனார். கற்கண்டையும் எடுத்துக்கொண்டு போனார். கல் மட்டும் என் மேசைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றது.

இங்கே எங்கள் தீவின் உபயங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரவேற்பு வளைவுகள் ஏழு இருக்கின்றன. அவற்றில் ஒன்று எந்த வீதியிலும் இல்லை, பனங்காணி ஒன்றின் நடுவில் தனியே நிற்கிறது, மாடுகள் அதனூடாகப் போய்வருகின்றன. பஸ் ஓடாத வீதியில் மூன்று பெயர் எழுதிய பஸ் தரிப்பு நிலையம் இருக்கிறது. மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று இருக்கிறது, அது காட்டும் நேரத்தை நம்பிப் போட்டுக்குப் போனவர்கள் அடுத்த நாள்தான் போனார்கள். கொடுத்தவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு கொடுத்தவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உபயம் கொடுப்பவர் விரும்புகிற இடத்துக்குப் போகும், ஊருக்கு இல்லாத இடத்துக்குப் போகாது. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட ஒரு கக்கூஸ் உபயம் செய்ததில்லை. யார்தான் தன் தகப்பன் பெயரை அதில் வெட்டுவார்? அதனால்தான் கட்டணம் வேண்டும் என்று நான் அந்தப் பாடு பட்டேன்.

ஆனால் செய்தி பரவிவிட்டது. சபையில் கடிதம் வாங்கினால் கல் வைக்கலாமாம் என்று ஊரெல்லாம் பேச்சு. லண்டனிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் அழைத்து, தான் ஒன்றும் கட்டவில்லை, இருந்தாலும் தனக்கும் ஒரு கட்டணம் போட முடியுமா என்று கேட்டார். விடுதிக்காரரின் பக்கத்துக் காணிக்காரர் நேரிலேயே வந்தார். அவர் கட்டுவது மாட்டுக்கொட்டில்.

"எனக்கும் ஒரு கடிதம் எழுதுங்கோ பிள்ளை. அவர் குடுக்கிறதிலும் கூடப் போட்டு எழுதுங்கோ."

"அண்ணை, மாட்டுக்கொட்டிலுக்குக் கட்டணம் இல்லை."

"ஏன் இல்லை?"

"மாட்டுக்கொட்டிலால துறைக்கு ஆக்கள் கூடமாட்டினமெல்லோ."

"அப்ப என்ரை மாடு மாடில்லையோ?" என்று கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். ஆளைச் சமாதானப்படுத்த, 'தங்கள் கட்டடத்துக்குக் கட்டணம் எதுவும் அறவிடப்படாது' என்று சபையின் சீலோடு கடிதம் அடித்துக் கொடுத்தேன். அதை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொட்டிலில் கொழுவியிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சிரித்தேன்தான். ஆனால் பயமும் இருந்தது. கட்டணம் உபயமாக மாறினால் அது அவர் விரும்புகிற இடத்துக்குப் போய்விடும். அவர் விரும்பியது துறையடியில் ஒரு வளைவு. எட்டாவது. தவிசாளருக்கும் அதில்தான் விருப்பம், கீழே திறந்து வைத்தவர் என்று அவருடைய பெயரும் வருமே. என் குறிப்புப் புத்தகத்தில் இருந்த கண்ணாடியும் கொக்கியும் கடலோடு போகப் பார்த்தன. அன்றிலிருந்து காலையில் கந்தோருக்கு வந்ததும் அந்தக் கல்லில் இருந்த அம்மாவைத்தான் முதலில் பார்ப்பேன். சிரிக்காத முகம். "அம்மா, உங்கடை மோனுக்கு ஒருக்கா சொல்லுங்கோவன்" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். தட்டச்சுக்காரத் தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒருநாள் மத்தியானம் ஒரு மணிக்கு விசேட கூட்டம் வைத்தார்கள். வளைவா, மலசலகூடமா என்று முடிவெடுக்க வேண்டும். விடுதிக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். வெயில் கொளுத்துகிறது என்று அவர் பெரிய பெட்டியில் ஐஸ் போட்டுச் சோடாப் போத்தல்கள் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தார். எங்கள் ஆட்களுக்கு வாயும் கையும் ஒன்றாகத்தான் வேலை செய்யும், பேசப் பேசக் குடித்தார்கள்.

மூத்த உறுப்பினர் ஒருவர் வளைவுக்காக எழும்பினார். "துறையில இறங்கினவுடன கண்ணில படோணும். மேலை அம்மாவின்ரை பேர், கீழை நல்வரவு. அதுதான் ஊருக்கு மதிப்பு. கக்கூசைக் கண்டு ஆர் கும்பிடுறது?"

"கும்பிட வேண்டாம், போனாப் போதும்" என்றார் எங்கள் பெண் உறுப்பினர். அறுபது வயது அக்கா, சபையில் எப்போதாவதுதான் வாய் திறப்பார். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

விடுதிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ரை அம்மாவின்ரை பேரைக் கக்கூசில வெட்டவோ சொல்லுறியள்?"

"சீச்சீ, அப்பிடி ஆர் சொன்னது?" என்று தவிசாளர் பதறினார்.

கூட்டக் குறிப்பு எழுதுகிறவளுக்குக் கூட்டத்தில் வாய் கிடையாது. இருந்தும் எழும்பினேன். "சேர், விதியில என்ன இருக்கெண்டா, கட்டடத்தால கூடுற தேவைக்கு மட்டும்தான் இந்தக் காசை..."

"பிள்ளை, விதி எங்கையும் ஓடிப்போகாது. இரும். எல்லாரும் சோடாவைக் குடிச்சு முடியுங்கோ, பிறகு கை உயர்த்துவம்."

இருந்தேன். கை உயர்த்தினால் வளைவுதான் என்று முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

விடுதிக்காரர் வெற்றுப் போத்தல்களை எடுக்க எழும்பினார். நல்ல மனுஷன்தான், தான் கொடுத்ததைத் தானே சேகரிப்பார். ஒவ்வொரு மேசையாக வந்தவர் என்னிடம் வந்ததும் நின்றார். என் போத்தல் நிரம்பி இருந்தது. ஐஸ் வேர்த்து மேசையில் வட்டமாகத் தண்ணீர் நின்றது.

"ஏன் தங்கச்சி, என்ரை சோடா குடிக்கமாட்டீரோ?"

"இல்லை அண்ணை, வேண்டாம்."

பக்கத்தில் தட்டச்சுக்காரத் தங்கச்சியின் போத்தலைப் பார்த்தார். அதுவும் நிரம்பி இருந்தது. காரைநகரிலிருந்து வருகிற தொழில்நுட்ப உத்தியோகத்தர், அவரும் பெண்தான், அவர் போத்தலும் அப்படியே. எதிரே அக்காவின் போத்தலும் அப்படியே. அன்று அக்காவின் மகள் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்கு நின்றாள், அவளிடம் போக வேண்டியவர். அறையில் இருந்த ஆண்கள் எல்லோருடைய போத்தலும் வெறுமை. எங்கள் நாலும் நிறை. கொடுத்ததைத் தொடாமல் விடுவது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமில்லை, முகத்தில் அடித்ததற்குச் சமம்.

"நாலு பேரும் என்னோடை கோவமோ? வளைவு கேட்டதுக்கோ?"

"கோவமில்லைத் தம்பி. மூண்டு மணிப் போட்டுக்குப் போகோணும்" என்றார் அக்கா.

"போட்டுக்கும் சோடாவுக்கும் என்ன?"

கேட்டவர் பகிடிக்குக் கேட்கவில்லை. மற்ற ஆண்களையும் பார்த்தேன். ஒருவருக்குமே விளங்கவில்லை. எல்லோரும் அந்தத் துறையில் பிறந்து வளர்ந்தவர்கள். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, கோபத்தில் சிரிப்பும் வந்தது, இரண்டையும் சேர்த்துக்கொண்டு சொன்னேன்.

"குடிச்சா எங்கை போறது அண்ணை? மதிலுக்கு அங்காலையோ? நாங்கள் ஒருத்தரும் பன்னிரண்டு மணிக்குப் பிறகு தண்ணி குடிக்கிறேல்லை. வேலைக்கு வந்த நாள் துவங்கி நான் குடிக்கேல்லை. துறையடியில ஒரு பொம்பிளை தேத்தண்ணி குடிச்சு நீங்கள் ஆராவது கண்டிருக்கிறியளோ?"

மூத்த உறுப்பினர் தன் வெற்றுப் போத்தலை மெல்ல மேசைக்குக் கீழே வைத்தார்.

விடுதிக்காரர் பக்கத்துக் கதிரையை இழுத்து அதில் இருந்தார். என் போத்தலில் வேர்த்திருந்த தண்ணீரை விரலால் துடைத்தார். பிறகு யாருக்கென்று இல்லாமல் சொல்லத் தொடங்கினார்.

"நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு அம்மாவும் யாழ்ப்பாணம் வரைக்கும் என்னோடை வந்தவா. போட் வரப் பிந்திப்போச்சு. துறையடிக் கடையில என்ரை காசில அவாவுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்தனான். நான் உழைச்ச காசில அவாவுக்கு முதல் முதல் வாங்கிக் குடுத்தது அதுதான். வாயில தொட்டுப்போட்டு வைச்சிட்டா. 'குடியணை அம்மா' எண்டனான். 'வேண்டாம் மோனை' எண்டிட்டு மற்றப் பக்கம் பாத்தா. நான் விட்டுட்டுப் போறதில கோவமெண்டு நினைச்சன். பிறகு எனக்கு வரக் கிடைக்கேல்லை. செத்த வீட்டுக்கும் வரேல்லை. முப்பது வருசமா அந்தத் தேத்தண்ணியைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

அக்கா எழும்பிப் போய் அவர் பக்கத்தில் நின்றார். "கோவமெண்டா அவா கோப்பையைக் கையில வாங்கியே இருக்கமாட்டா, தம்பி. நீ வாங்கிக் குடுத்ததெண்டுதான் வாயிலயாவது தொட்டவா. போட் ஏறோணும், பிறகு பஸ். பாவம், என்ன செய்வா?"

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. தட்டச்சுக்காரத் தங்கச்சி மூக்கைச் சீறினாள். தவிசாளரும் தன் வெற்றுப் போத்தலை மேசைக்குக் கீழே வைத்தார்.

கடைசியில் விடுதிக்காரர்தான் பேசினார். "கட்டணம் எவ்வளவெண்டு சொல்லும், தங்கச்சி. இப்பவே கட்டிப்போட்டுப் போறன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரசீதை அம்மாவின்ரை பேரில எழுதலாமோ?" என்று கேட்டார்.

"ஏலாது அண்ணை. விண்ணப்பதாரி நீங்கள்தானே."

"சரி, சரி. விதியெண்டா விதிதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கை உயர்த்தச் சொன்னபோது தவிசாளரின் கைதான் முதலில் எழும்பியது. வளைவுக்குப் பேசிய மூத்த உறுப்பினர் இரண்டு கையையும் உயர்த்தினார், ஒன்றை இறக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு கல்லை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. கட்டணத்தில் கட்டுகிற கட்டடத்தில் ஒருவர் பெயரும் வரக்கூடாது. ஆனால் உபயம் கொடுக்க வேண்டாம் என்று விதி எங்கும் சொல்லவில்லையே. பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாயும் நிழலில் நாலு பேர் இருக்க ஒரு வாங்கும் அவர் உபயமாகவே செய்யலாம், கல்லை அதில் வைக்கலாம் என்றேன். கக்கூஸ் ஒரு கோப்பு, குழாய் இன்னொரு கோப்பு. ஒன்று கட்டணம், மற்றது உபயம். இரண்டு கோப்புக்கும் இரண்டு நிறத்தில் மட்டை போட்டபோது என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் சம்பளம் கூடிய நாளில்கூடக் கிடைத்ததில்லை.

கட்டி முடிக்க ஆறு மாதம் சென்றது. விடுதி திறப்பதற்கு முன் துறையடி வேலை முடிய வேண்டும் என்று அனுமதிப் பத்திரத்திலேயே எழுதியிருந்ததால் விடுதிக்காரரே நாளுக்கு இரண்டு தரம் வந்து மேசனை விரட்டினார். சீமெந்து போட்டில் வந்தது, ஓடு போட்டில் வந்தது, வந்த ஓட்டில் பாதி நீலம் பாதி ரோஸ். திருப்பி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம் போகும் என்று இரண்டையும் கலந்து பதிக்கச் சொன்னோம். நாளாந்தம் கழுவ ஒரு அக்காவை வேலைக்கு எடுக்க வேண்டும் என்று சபையின் செலவுத் திட்டத்திலும் ஒரு வரி சேர்த்தேன். கட்டிவிட்டுப் பூட்டுப் போட்டு வைப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை, அதை நான் விடத் தயாராக இல்லை.

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணிக்கு. குத்துவிளக்கு ஏற்றி, தேங்காய் உடைத்து, நாடாவை வெட்டிய தவிசாளர் அதே வேகத்தில் உள்ளே காலெடுத்து வைத்தார். "சேர், இது பொம்பிளையளுக்கு" என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையைக் குறுக்கே நீட்டி மறித்தார். சரி, பெண்கள் போகட்டும் என்று எல்லோரும் விலகி வழி விட்டார்கள். ஒருத்தியும் போகவில்லை. எப்படிப் போவது? ஊரே நின்று பார்க்கிறது, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போகிறது. அந்த நேரம் பார்த்து அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, "தள்ளுங்கோடா" என்று நேரே நடந்து உள்ளே போனார். கதவு பூட்டும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்தபோது துறையடியே கைதட்டியது. "கண்ணாடி நல்லாயிருக்கு" என்றார்.

கூட்டம் கலைந்தது. குழாயடியில் கல் பதித்திருந்தார்கள். என் மேசைக்குப் பக்கத்தில் அரை வருடத்துக்கு மேல் நின்ற முகம், இப்போது கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தது. நான் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தேன். மூன்று மணிப் போட்டுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

தேத்தண்ணிக் கடை வாசலில் விடுதிக்காரர் நின்றார். கையில் ஒரு கோப்பை, ஆவி பறந்தது. கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். 'குடியும்' என்றுகூடச் சொல்லவில்லை. நான் வாங்கினேன். கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு வெளியே வந்து நின்று பார்த்தார். பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீ, சீனி கொஞ்சம் கூட. ஊதி ஊதி அடிவரை குடித்தேன். விடுதிக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியட்டும் என்று கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டுத்தான் மண்ணில் விழுந்தது.

"இன்னுமொண்டு போடச் சொல்லவோ, தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை" என்றேன்.